வசந்தாவுக்கு ஒரு கிண்ணம்

என் தாயை நான் கொன்றேன். மேடையில், ஒலிவாங்கியின் முன், அவை நிறைந்த மக்கள் பார்க்க!

பதறாதீர்கள். அவர் உயிரோடு இருக்கிறார். பாலக்கரையில், எங்கள் மாடிவீட்டு அடுப்படியில்... ஆனாலும் கொன்றேன் என்பதே சரி. வேறு சொல் தேடிப் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை.

திருவரங்கத்தில் ஒரு மண்டபம். கல்லூரிகளுக்கிடையேயான சொற்போர். ‘இயந்திரங்கள் இல்லத்து அன்பைக் குறைத்துவிட்டன’ என்பது தலைப்பு. நான் மறுத்துப் பேச வேண்டும். எதிரணியினரோ அம்மியையும் உரலையும் சொல்லியே அவையைக் கலங்க வைத்துவிட்டார்கள். தர்க்கம் இனி எடுபடாது என்பதை முதல் வரிசை முகங்களில் படித்தேன். தோற்பதா? நானா?

எழுதி வைத்திருந்த முடிவுரையைக் கைவிட்டேன். “என் அன்னை இறந்த அன்று...” என்று தொடங்கினேன். அவர் ஆப்பிள் காப்ளர் என்னும் இனிப்பைச் செய்து ஓவனில் வைத்தார், அது வெந்து முடியும் முன்பே அவர் உயிர் பிரிந்தது, ஓவனின் மணி அடித்தது, நான் அதன் கதவைத் திறந்தேன். என் முகத்தில் பட்டது இயந்திரத்தின் சூடா, என் தாயின் சூடா?

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோப்பை என் கைக்கு வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் கோப்பையோடு வந்தால் அம்மா ஆப்பிள் காப்ளர் செய்வார். மஸ்கட்டில் வேலை பார்க்கும் அப்பா, ஓவனோடு சேர்த்துக் கொண்டுவந்த ஆசை அது. அது வேகும் நாற்பது நிமிடத்திற்குள், வென்ற உரையை அம்மாவின் முன் நின்று நான் மறுபடியும் பேச வேண்டும்.

மறுநாள் முற்பகல். ஆப்பிள்களைத் தோல் சீவித் துண்டுகளாக்கி, சர்க்கரையும் பட்டைத்தூளும் பிசறிக் கண்ணாடித் தட்டில் பரப்பினார். மைதா, வெண்ணெய், பால் சேர்த்த மாவைக் கரண்டி கரண்டியாக மேலே வைத்தார். ஓவனை மூடிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ம், ஆரம்பிங்க பேச்சாளரம்மா! ஜட்ஜையே அழ வெச்சிட்டியாமே?”

பேசினேன். ‘என் அன்னை’ என்ற இடத்தில் ‘என் தோழியின் அன்னை’ என்று மாற்றினேன். அவ்வளவே! குரல் பிசகவில்லை. இன்றும் என்னை அச்சுறுத்துவது அதுதான்.

மணி அடித்தது. அம்மா எழவில்லை. இமைக்காமல் என்னையே பார்த்தபடி இருந்தார்.

“அம்மா!”

“ஏண்டி கத்துறே? அந்தம்மாவை நினைச்சுக்கிட்டேன். ஆசையா செஞ்சதை ஒரு வாய் சாப்பிடாமப் போயிட்டாங்களே...”

ஓரங்களில் சாறு குமிழியிட்ட தட்டை வெளியே எடுத்தார். முதல் கரண்டியைத் தனியாக ஒரு கிண்ணத்தில் இட்டார். இறந்தவர்களுக்குப் படைப்பதுபோல், அடுப்படியை ஒட்டிய மொட்டைமாடிச் சுவரில் அதை வைத்துக் காகத்தை அழைத்தார். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு காகம் இருந்தது. பார்த்தது, வரவில்லை.

எப்படி வரும்? யார் இறந்தார்கள்!

“பேரு சொல்லிக் கூப்பிட்டா வரும். அவங்க பேரு என்னடி?”

உலகில் எத்தனை ஆயிரம் பெயர்கள்! எந்தக் குறுக்குக் கேள்விக்கும் நொடியில் விடை சொல்பவள் நான். அன்று என் நாவில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது...

“வசந்தா.”

“அட, என் பேரு!” அம்மா சிரித்தார். பிறகு, விருந்துக்கு அழைப்பதுபோல் கனிவாகக் கூப்பிட்டார்: “வசந்தா... வாம்மா, வந்து சாப்பிடு.”

காகம் வந்தது.

கிண்ணம் காலியாகும்வரை அம்மா கைகட்டி நின்றார். நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். என்னைத் தடுத்தது எது? அச்சமா? இல்லை... உண்மை தெரிந்தால், அலமாரியில் வைத்த கோப்பையை அம்மாவே கீழே இறக்கிவிடுவார். அதை நான் தாங்கமாட்டேன். இதைவிட இழிவான காரணம் உங்களுக்குத் தெரியுமா?

அதன்பின் ஒவ்வொரு வெற்றிக்கும் முதல் கரண்டி அந்த அம்மாவுக்குத்தான். தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லி அழைக்கிறார் என் தாய். மேடை ஏறுவதை விட்டுவிடலாமே என்பீர்கள்...

நேற்றும் வென்றேன்!

இதோ, ஓவன் சூடாகிக்கொண்டிருக்கிறது. அம்மா இன்னும் கிண்ணத்தை எடுக்கவில்லை, யாரையும் அழைக்கவில்லை. அதற்குள் காகம் சுவரில் வந்து அமர்ந்துவிட்டது. சன்னல் வழியே அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது.