கரடிக்காகப் போட்ட கதவு

என் மனைவிக்கு வலிப்பு வரும். அதனால் வீட்டுக்கு மூங்கில் தட்டிதான் வைத்திருந்தோம். யார் தள்ளினாலும் திறக்கும்.

ஒரு பலாக் காலத்தில் கரடி வந்தது. நாங்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் கொல்லையில் சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள் வைத்திருந்த பழத்தின் வாசனைக்கு வந்தது, தட்டியைக் கிழித்து உள்ளே போய்த் தின்றுவிட்டுப் போயிருந்தது. அடுப்பங்கரை முழுக்கப் பலாச்சுளை.

"நீ வேலைக்குப் போய்ட்டா நா இங்க தனியா இருக்க மாட்டேன்யா. நல்ல கதவா போடு" என்றாள்.

அப்போது மலைக்குக் கீழே ஒரு பட்டறையில் கூலிக்கு இருந்தேன். மலைவேம்புப் பலகையை மருந்துத் தண்ணீரில் வேகவைப்பார்கள். சாரம் இறங்கித் தண்ணீர் கறுத்துவிடும். பிறகு சூட்டோடு இரும்புக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். நாலு விரல் கனம் ஒரு விரலாகிவிடும். லாரிக்குத் தரைப்பலகை, மாடிக்குப் படி எல்லாம் அதில்தான். நகம் போட்டாலே கீறல் விழும் மலைவேம்பு, அழுத்திய பிறகு ஆணியை வளைக்கும். ஓட்டை போடத் துளைக்கருவி வேண்டும்.

ஓரம் கருகிய பலகை ஒன்றைக் கழித்துப் போட்டார்கள். கேட்டேன். மேஸ்திரி கொடுத்தார், கீலுக்கு ஓட்டையும் போட்டுத் தந்தார்.

"அறுத்தா அந்த வாய்க்கு பூச்சு அடிச்சுடுப்பா. தண்ணி குடிச்சா உப்பிக்கும்."

ஜமுனாமரத்தூர் வரை பஸ் மேலே வந்தது. அங்கிருந்து நானும் மச்சானும் தூக்கினோம். என் மனைவியின் தம்பி அவன்.

"இன்னா மச்சான், வூட்டுக்குக் கதவா, ஜெயிலுக்கா? கரடி வந்தா மூக்க ஒடச்சிக்கினு போவும்."

நிலைக்குப் பலகையின் உயரம் அதிகமாக இருந்தது. அடியில் அறுத்தோம். ரம்பத்தின் பல் போய்விட்டது. அறுத்த இடத்தில் புங்கெண்ணெய் தேய்த்தேன். எங்கள் மலையில் மரம் என்றால் புங்கெண்ணெய்தான். ஏர், கலப்பை, உலக்கை எல்லாவற்றுக்கும் அதுதான். எண்ணெய் உள்ளே இறங்கவில்லை, மேலேயே மினுங்கியது. மரம் அவ்வளவு கெட்டி, எண்ணெயே போகவில்லையே, தண்ணீர் எங்கே போகப்போகிறது என்று நினைத்தேன்.

தாழ்ப்பாள் வைக்கவில்லை. வலிப்புக்காகத்தான். சாத்தினால் நிலையில் இறுக்கமாக உட்காரும், அது போதும்.

வெயில் காலம் முழுக்கக் கதவு நன்றாக இருந்தது. கரையான் நிலையைத் தின்றது, கதவைத் தொடவில்லை. அவள் காலையில் வாசலுக்குச் சாணி தெளிப்பாள், வாசற்படியை மெழுகுவாள்.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஆட்டை ஓட்டிக்கொண்டு திரும்பினேன். சாரல் அடிக்கிறதென்று கதவைச் சாத்திவிட்டுக் களி கிண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே குண்டான் உருளும் சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். பதில் இல்லை.

தள்ளினேன். திறக்கவில்லை. அடி உப்பி வாசற்படியைக் கவ்விக்கொண்டிருந்தது. உதைத்தேன். கோடாலி எடுத்து வெட்டினேன். கோடாலி எகிறி வந்தது. கதவில் ஒரு கோடுதான் விழுந்தது. உள்ளே இருந்து கருகும் வாசனை வந்தது. களி வாசனை இல்லை அது.

மச்சான் கடப்பாரையோடு ஓடிவந்தான்.

"கதவ வுடு மச்சான்! செவுத்த ஒட!"

மண்சுவர். நனைந்திருந்தது. சீக்கிரம் விழுந்தது. அந்த ஓட்டை வழியாகப் போய் அவளைத் தூக்கினேன். வலது கை அடுப்புக்குள் இருந்தது.

உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் இருந்தோம். கை பிழைத்தது என்றார்கள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. களி கிண்ட முடியாது, களை பிடுங்க முடியாது. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது வெயில். கதவு கொஞ்சம் காய்ந்திருந்தது. தோளால் இடித்ததும் திறந்துகொண்டது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தட்டியே கட்டுய்யா" என்றாள்.

கட்டினேன். பலாப்பழத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. மரத்திலேயே விடுகிறோம். கரடி தின்கிறது.

அந்தப் பலகையை என்ன செய்வது? பிளந்து எரிக்க முடியவில்லை. கொல்லைக்குப் போகும் வழியில் ஓடைக்கு மேல் போட்டேன். ஆடு போகிறது, மச்சானின் டூவீலர் போகிறது, வளையவே இல்லை. மேஸ்திரி சொன்ன பூச்சை அடித்துவிட்டேன், அடுத்த மழைக்கு உப்பவும் இல்லை.

அவள் மட்டும் அதில் கால் வைப்பதில்லை. ஓடைக்குள் இறங்கி, இடது கையால் புல்லைப் பிடித்து அந்தப் பக்கம் ஏறுகிறாள். கேட்டால், "வழுக்கும்" என்கிறாள். ஓடை காய்ந்து கிடக்கும் சித்திரையிலும் அப்படித்தான் சொல்கிறாள்.