சரி என்று சொன்னவள்

ஷரீபாவுக்கு நோயாளிகளைப் பிடிக்காது. அதை அவள் மறைத்ததும் இல்லை. புருசன் அப்துல் அலீம் காசநோயில் கிடந்தபோது, எச்சில் சட்டியை எடுத்துக் கொட்டப் போகிற ஒவ்வொரு தடவையும் முந்தானையை மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொள்வாள். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அவர் மவுத்தாகி, புருசனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கிற இத்தாக் காலம் முடிந்து அவள் வெளியே வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருசம். கையில் சாதிகா என்று நடை பழகுகிற பெண் குழந்தை. காஜிமார் தெருவில் தொப்பி தைத்து விற்கிற அண்ணன் சிஹாபுதீன் வீட்டில், பின்கட்டில் ஒரு அறை கொடுத்தார்கள். அண்ணன் கெட்டவர் இல்லை. மதினியும் கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருநாள் சாப்பிடும்போது, இரண்டாவது தடவை சோற்றுக்குக் கை நீட்டிய சாதிகா, மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே கையை இழுத்துக்கொண்டாள். பிள்ளைக்கு மூன்று வயதுகூட இல்லை. அதற்குள் முகம் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

வைகைக்கு வடகரையில், தல்லாகுளம் போகிற வழியில் பெண்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. தென்கரையில் பழைய ஊருக்குள் இருக்கிற முஸ்லிம் வீட்டுப் பெண்கள் அங்கே வரத் தயங்கினார்கள். தங்கள் பெண் ஒருத்தி நர்சாக இருந்தால் வருவார்கள் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆள் தேடினார்கள். படிக்கிற காலத்திலேயே சாப்பாடும் உதவித்தொகையும் உண்டு. படிப்பு முடிந்தால் நிலையான சம்பளம்.

ஷரீபா அண்ணனிடம் சொன்னாள். அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"ஊருல கண்டவ பீ மூத்திரத்தை அள்ளப் போறியா? அத்தா இருந்தா இதைப் பொறுப்பாரா?"

"அள்ளுறதுக்குத்தான் சம்பளம் தாராங்க அண்ணே. வீட்டுல அவருக்குச் சும்மாதானே அள்ளினேன்."

அவர் ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து, திரை போட்ட ஜட்கா வண்டி ஒன்றை அவரே பேசி அமர்த்திக் கொடுத்தார். வெள்ளைத் துப்பட்டிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு ஷரீபா பாலத்தைத் தாண்டிப் போய் வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளோடு படித்த பெண்களில் சிலர் ரத்தத்தைப் பார்த்து மயங்கினார்கள். சிலர் செத்துப்போன குழந்தைகளுக்காகச் சாப்பிடாமல் கிடந்தார்கள். ஷரீபா மயங்கவும் இல்லை, பட்டினி கிடக்கவும் இல்லை. கட்டு மாற்றுவாள், படுக்கை விரிப்பாள், கசடு கழுவுவாள், கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள், வீட்டுக்குப் போய்விடுவாள். நோயாளியின் முகம் வாசலோடு நின்றுவிடும். அதனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கை நடுங்காத நர்ஸ் என்று டாக்டரம்மாவே சொன்னாராம். சாதிகா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். இரண்டாம் தடவை சோறு கேட்டாள். ஷரீபாவுக்கு அது போதும்.

அப்படி இருக்கும்போதுதான் செல்லக்கிளியைக் கொண்டுவந்தார்கள்.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மாட்டு வண்டியில் வந்தாள். வயிற்றிலேயே பிள்ளை செத்து, அதை எடுத்த பிறகு ஜன்னி கண்டிருந்தது. புருசன் பேயாண்டி வேப்பமரத்தடியில் குந்தியிருந்தான். அவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து செல்லக்கிளிக்கும் அவளைப் பெற்றவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே ஊர், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பவர்கள். ஒருத்தி வந்தால் இன்னொருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாளாம்.

மறுநாள் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், காய்ச்சல் ஏறி முகம் கருத்துப்போனதைப் பார்த்துவிட்டுப் பேயாண்டி கட்டிலருகே குனிந்தான்.

"கெழவியக் கூட்டியாரட்டுமா?"

செல்லக்கிளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று வண்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நெற்றியில் ஈரத்துணி மாற்ற ஷரீபாவை உட்கார வைத்திருந்தார்கள். நல்ல வெயில் நேரம். வார்டில் எல்லோரும் கண்ணயர்ந்திருந்தார்கள். ஷரீபாவின் கை துணியை நனைத்தது, பிழிந்தது, போட்டது. மனசு வேறெங்கோ இருந்தது. சம்பளம் கூட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தந்தால் அண்ணன் வீட்டை விட்டுத் தனியாக ஒரு அறை பிடிக்கலாமா, அடுப்பு எந்த மூலையில் வைப்பது, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் இருக்குமா.

செல்லக்கிளி என்னமோ சொன்னாள்.

"சரி, சரி" என்றாள் ஷரீபா.

திரும்பவும் அதையே சொன்னாள். இந்தத் தடவை வலுவெல்லாம் கூட்டிச் சொன்னாள். ஷரீபாவின் காதில் கடைசித் துண்டு மட்டும்தான் விழுந்தது. "...ட்டும்" என்று முடிந்தது.

"சரி. பேசாமப் படுங்க."

துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்பியபோது செல்லக்கிளி போய்விட்டிருந்தாள். கண் திறந்தபடி ஷரீபாவையே பார்த்துக்கொண்டிருந்தது. பதில் கிடைத்துவிட்ட ஆளின் முகம்போல அது இருந்தது.

வெயில் தாழ செல்லக்கிளியைப் பெற்றவள் வந்து சேர்ந்தாள். இருளாயி. நெடுநெடுவென்ற உடம்பு, காலெல்லாம் செம்மண். அழவில்லை. பிணத்தைப் பார்த்துவிட்டு நேராக ஷரீபாவிடம் வந்தாள்.

"கடைசியாக் கூட இருந்தது நீதானா தாயி? எம் மக ஏதும் சொன்னாளா?"

தாகம் என்றவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதுபோல, யோசிக்காமல் ஷரீபா சொன்னாள்:

"உங்களத்தான் கூப்பிட்டாங்க. அம்மா, அம்மான்னாங்க."

இருளாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியா தாயி" என்றாள். அவ்வளவுதான்.

தை பிறந்து அறுப்பு முடிந்ததும் இருளாயி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஓலைப்பெட்டியில் மொச்சை கொண்டுவந்திருந்தாள். வராந்தாவில் உட்கார்ந்து, "எம் மக என்னமோ சொன்னாள்ல, சொல்லு" என்றாள். ஷரீபா சொன்னாள். கேட்டுவிட்டு எழுந்து போனாள். அடுத்த தையிலும் வந்தாள். அதற்கடுத்த தையிலும் வந்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரே கேள்வி, ஒரே பதில். மொச்சையை வீட்டுக்குக் கொண்டுபோனால் மதினி ருசித்துச் சாப்பிடுவாள். ஷரீபா தொடமாட்டாள்.

இதற்குள் ஷரீபாவுக்கு அந்த "...ட்டும்" என்ற சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

முதலில் அண்ணனின் தையல் மெஷினில் கேட்டது. பிறகு பாலத்தில், ஜட்கா சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போது கேட்டது. பிறகு மனுசர் பேச்சிலேயே கேட்டது. அந்தச் சத்தத்தில் முடிகிற பேச்சு ஊரில் எம்புட்டு இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உலை கொதிக்கட்டும். மழை விடட்டும். அவன் வரட்டும். அந்தச் சனியன் போகட்டும். விடுங்க, இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு ஒரு தடவை நின்று அடித்தது. இதில் எதைச் செல்லக்கிளி சொன்னாள்? ஆத்திரத்தில் சொன்னாளா, ஆசையில் சொன்னாளா? எதுவாக இருந்தாலும் ஷரீபா அதற்குச் சரி என்று சொல்லியிருக்கிறாள். எதற்குச் சரி சொன்னோம் என்று தெரியாத ஒரு சரி.

ஒருநாள் சாதிகா தெருவாசலில் நின்று, "அம்மா, வெளையாடப் போகட்டுமா?" என்று கேட்டாள். ஷரீபா வாயைத் திறந்தாள். சரி என்ற சொல் வெளியே வரவில்லை. பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்டது. கடைசியில் தலையை மட்டும் ஆட்டினாள். அதிலிருந்து அந்த வீட்டில் எதற்கும் தலையாட்டல்தான்.

ஆஸ்பத்திரியிலும் அவள் மாறிப்போனாள். பிழைக்கமாட்டார்கள் என்று தெரிந்த கட்டிலின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தாள். முனகினாலும் குனிவாள். "என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க" என்பாள். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பெற்ற பிள்ளைகூட இப்படி இருக்காது என்றார்கள். ஷரீபா கையை இழுத்துக்கொள்வாள். அவளுக்கல்லவா தெரியும், அது பாசம் இல்லை, பயம் என்று.

உலகச் சண்டை தொடங்கின பிறகு வந்த முதல் தையில் இருளாயி வந்தாள். வராந்தாவில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். ஷரீபா கேள்விக்குக் காத்திருக்காமல், "அம்மா, அம்மான்னு..." என்று ஆரம்பித்தாள்.

"அவ என்னைய அம்மான்னு கூப்பிட்டதே இல்ல தாயி" என்றாள் இருளாயி.

ஷரீபா அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"ஆத்தாம்பா. பேச்சு இருந்தவரைக்கும் ஆத்தாதான். எங்க பக்கம் அம்மான்னு யாரு கூப்பிடுறா? அன்னைக்கே தெரியும் எனக்கு."

"பெறகு எதுக்கு வருசா வருசம் வந்தீங்க?"

"நீ ஒரு நாளைக்கு மாத்திச் சொல்லுவேன்னு பாத்தேன். நீயும் சொல்லல." இருளாயி ஓலைப்பெட்டியைக் காலருகே நகர்த்தி வைத்தாள். "எனக்கு வயசாகுது. காலு முன்ன மாதிரி இல்ல. அவ என்ன சொன்னான்னு இப்பச் சொல்லு."

ஷரீபா சொன்னாள். பேயாண்டி கேட்ட கேள்வியைச் சொன்னாள், செல்லக்கிளி முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் சொன்னாள், தான் அடுப்பையும் தாழ்ப்பாளையும் நினைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள், கேளாமலே சரி சொன்னதையும் சொன்னாள். கடைசியாக அந்தச் சத்தத்தைச் சொன்னாள். செல்லக்கிளியின் மூச்சும் இழுப்புமாக அது அவள் வாயிலிருந்து வந்தது. வார்டுக்குள் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவ."

சொன்னாள்.

"வரட்டும்னாளா, போகட்டும்னாளா?"

"தெரியலம்மா."

"சாகட்டும்னு சொன்னாளா?"

"தெரியல. சத்தியமாத் தெரியல."

இருளாயி அந்தச் சத்தத்தை முணுமுணுத்துப் பார்த்தாள். நாக்கில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்து, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினாள். மரத்தடியைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டில் போகும்வரை அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

அடுத்த தையில் அவள் வரவில்லை. அதற்கடுத்த தையிலும் வரவில்லை. செத்துப்போயிருப்பாள் என்று ஷரீபா முதலில் நினைத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, சண்டைக்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏறி நாகமலை புதுக்கோட்டையில் இறங்கினாள். தெரு முனையில் கேட்டதும் வழி காட்டினார்கள். இருளாயி உயிரோடுதான் இருந்தாள். மலையடிவாரத்துக் கொல்லையில் கடலைச்செடிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாள். உடம்பு பாதியாக வற்றியிருந்தது.

ஷரீபாவைக் கண்டதும் களைக்கொத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு வந்த?"

"எப்படி இருக்கீங்கன்னு..."

"கேட்டுக்கிட்டே இருக்கு தாயி. ஆட்டுக்குத் தழ ஒடிச்சா கேக்குது. கெணத்துல வாளிய விட்டா கேக்குது. நீ பொய் சொன்னப்ப நிம்மதியாத் தூங்கினேன். உண்மையச் சொல்லுன்னு நாந்தான் கேட்டேன். உன்னையக் குத்தம் சொல்லல." மூச்சு வாங்கினாள். "ஆனா இனிமே வராத. உன் மொகத்தப் பாத்தா இன்னும் சத்தமாக் கேக்குது."

தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. திரும்பிக் குனிந்து வெட்டத் தொடங்கினாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஷரீபாவுக்கு என்னமோ குறைவதுபோல் இருந்தது. கரிப்புகை கண்ணை எரித்தது. பக்கத்தில் இரண்டு பேர், நெல் விலை இறங்கட்டும், ஏறட்டும் என்று வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அதற்கெல்லாம் அவள் நெஞ்சு முன்போல நின்று அடிக்கவில்லை. ஊருக்குள் நுழைந்த பிறகுதான் புரிந்தது: சத்தம் இல்லை. மறுநாள் பாலத்திலும் இல்லை. அண்ணனின் மெஷினிலும் இல்லை. அதை அந்தக் கொல்லையில் இருளாயியின் தலையில் இறக்கிவைத்துவிட்டு வந்துவிட்டாள்.

நிம்மதி வரும் என்று பார்த்தாள். வரவில்லை. தானே அந்தச் சத்தத்தைச் செய்து பார்த்தாள். வாயில் வந்தது வெறும் ஷரீபாவின் குரல். செல்லக்கிளியின் குரல் எப்படி இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது. எத்தனையோ வருசம் கூட இருந்த ஒருத்தி சொல்லாமல் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனதுபோல, காதுக்குள் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

தனியறை பிடித்தாள். சாதிகா பெரியவளானாள். சம்பளம் கூடியது. ஷரீபா வேலையை விடவில்லை. முக்காலியையும் விடவில்லை.

நாற்பத்தாறில், ஆனையூரிலிருந்து சீனியம்மாள் என்று ஒரு வயதான பெண் வந்து கிடந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஷரீபா அவள் வாயோடு காதை ஒட்ட வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சீனியம்மாள் கண்ணைத் திறந்தாள். கையைத் தூக்கி ஷரீபாவின் தோளில் வைத்தாள்.

"நர்சம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. காத்து வரல."

தெளிவாகச் சொன்னாள், ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை.

ஷரீபா முக்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஜன்னல் காற்று அவளைத் தாண்டிக் கட்டிலுக்குப் போயிற்று. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.