மாமா வரட்டும்

அப்பா மீன் வேண்டாம் என்று சொன்ன அந்தச் சனிக்கிழமை எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை மத்தியானம் என்றால் மீன்தான். அம்மா காலையிலேயே ரயிலேறித் தமிழ்க் கடைகள் இருக்கும் லாசப்பலுக்குப் போய் விளைமீனோ பாரையோ வாங்கி வந்து, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டுக் குழம்பு வைப்பார். அப்பா குழாய் வேலைக்காரர். அந்த நாளில் யாருடைய குசினியில் எது ஒழுகினாலும் தண்ணீரைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட பிறகுதான் திரும்பப் போவார். அன்றைக்கு வந்தவர் வேலை உடுப்போடு நேரே குளியலறைக்குள் போனார். நெடுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தலை முழுகிவிட்டு வந்து மேசையில் இருந்து, "இஞ்சேரப்பா, எனக்கு மீன் வேண்டாம். வயிறு சரியில்லை. பருப்பு இருந்தால் போடும்," என்றார். அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டியை மூடி உள்ளே கொண்டுபோய்விட்டார். "என்ரை வயிறு நல்லாத்தானே இருக்கு," என்றேன் நான். "வாயை மூடிக்கொண்டு சாப்பிடு," என்று எனக்கும் பருப்பைத்தான் போட்டார். சனிக்கிழமையில் பருப்பைத் தின்ன வைத்த அப்பாவின் வயிற்றை நான் மனதாரத் திட்டினேன்.

அதற்கு முந்திய வருடம்தான் போர் முடிந்திருந்தது. அம்மாவுக்கு ஒரேயொரு தம்பி. வன்னியில் இருந்தார். அவரை இங்கே கூப்பிட்டு எடுப்பதைப் பற்றி வீட்டில் எப்போதும் பேச்சிருக்கும். "அடுத்த வருசம் பாப்பம்," என்று அப்பா ஒவ்வொரு வருடமும் சொல்வார். கடைசி மாதங்களில் மாமாவிடமிருந்து தொலைபேசி வருவது நின்றுபோனது. முகாம்களில் விசாரித்தார்கள், தெரிந்தவர்களிடம் படம் அனுப்பிக் கேட்டார்கள். உயிரோடிருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. இந்த நேரம் பார்த்து நான் பெரியபிள்ளை ஆகித் தொலைத்தேன்.

எங்கள் ஊர் வழக்கத்தில் சாமத்திய வீடு என்கிற பூப்புச் சடங்கைச் செய்யும்போது முதலில் தண்ணீர் வார்ப்பது தாய்மாமன். தேங்காய் உடைப்பதும் அவர்தான். பாரிஸுக்கு வந்த பிறகு மண்டபம், வீடியோ, நீள வெள்ளைக் கார் என்று எவ்வளவோ கூடியிருக்கிறது, ஆனால் மாமன் தண்ணீர் வார்ப்பதை மட்டும் யாரும் விடவில்லை. மாமா இல்லாத வீட்டில் அந்த முறையில் வேறொருவர் நின்று வார்ப்பதும் வழக்கம்தான். ஆர்ஜொந்தெய்யில் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் இருந்தார். அவரை நிற்பாட்டிக் காரியத்தை முடிப்போம் என்பது அப்பாவின் நிலை. லாசப்பலில் அவர் எந்தக் கடைத் தொட்டிக்குக் கீழே தலையைக் கொடுத்தாலும், மேலே நிற்பவர்கள் "அண்ணை, மகளின்ரை சாமத்திய வீடு எப்ப?" என்று கேட்பார்களாம். மனிதர் அங்கே பதில் சொல்லமுடியாமல் வீட்டுக்கு வந்து சத்தம் போடுவார். அம்மா அசையமாட்டார். "மாமா வரட்டும். வேறை ஆள் வார்த்தால் அவன் இல்லை எண்டெல்லோ அர்த்தம்?" என்பார். நான் அறைக்குள் இருந்து, எனக்கு ஒரு சடங்கும் வேண்டாம் என்று பிரெஞ்சில் கத்துவேன். பிரெஞ்சில் கத்தினால் அம்மாவுக்குப் பாதிதான் விளங்கும். உண்மையில் எனக்கு அது வேண்டியிருந்தது. என் வகுப்புத் தோழிகள் எல்லோரிடமும் இவ்வளவு பெரிய அல்பம் இருந்தது. மேடையில் ஏறினாலும் வெட்கத்தில் சாவேன், ஏறாவிட்டாலும் வெட்கத்தில் சாவேன் என்றிருந்த வயது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அப்பா மாறிப்போனார். ஆர்ஜொந்தெய் மாமாவின் பேச்சையே எடுக்கவில்லை. யாராவது கேட்டால், "பொறுங்கோ, மச்சான் வரட்டும்," என்று அம்மாவின் வாக்கியத்தையே எடுத்துவிட்டார். எனக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் கட்சி மாறிவிட்டார் என்று எனக்கு அவர்மேல் அப்படியொரு கோபம். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. அப்பாவின் வயிறு சரிவராததால் எல்லோருக்கும் மரக்கறி என்று நினைத்துக்கொண்டேன். சாமத்திய வீடு கடைசிவரை நடக்கவில்லை. நான் படித்து, வேலைக்குப் போய், வேறிடத்தில் வீடெடுத்துப் போன பிறகும் அம்மா தம்பிக்காக வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றினார்.

போன வருடம் லாசப்பலில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் கட்டித்தரச் சொல்லிவிட்டு நின்றேன். குசினிக்குள்ளிருந்து வந்தவர், போர் முடிந்த கையோடு வன்னியிலிருந்து வந்தவர், என் முகத்தைப் பார்த்து இன்னார் மகளோ என்று கேட்டார். "அண்ணை நல்ல மனுசன். உங்கடை மாமாவின்ரை விசயத்தை நான்தான் அவருக்குச் சொன்னனான்," என்றார். என்ன விசயம் என்று கேட்டேன். அவர் திகைத்துப்போனார். "ஷெல் விழுந்தது தங்கச்சி. பங்கருக்கையே வைச்சு நாங்கள்தான் மண் போட்டனாங்கள். நான் இஞ்சை வந்த புதிசு, அண்ணை ஒரு சனிக்கிழமை குழாய் திருத்த வந்து, எந்த இடம் தம்பி எண்டு கேட்டு, மச்சான்ரை படத்தையும் காட்டினவர். சொன்னவுடனை அப்பிடியே நிலத்திலை இருந்திட்டார். வீட்டுக்குத் தெரியவேண்டாம் எண்டும் கேட்டவர். இவ்வளவு காலத்துக்கு உங்களுக்குச் சொல்லியிருப்பார் எண்டெல்லோ நினைச்சன்."

இடியப்பத்தை வாங்கினேனா என்றுகூட நினைவில்லை. ரயிலில் அழுதேன். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை செவ்ரானுக்குப் போனேன். அப்பாவுக்கு இப்போது முழங்கால் மடக்க முடியாது, வேலையை விட்டுவிட்டார். முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அம்மா, மாமா..." என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து குசினிக் கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "அண்டைக்கு அவர் வந்து தலைமுழுகிப்போட்டு மீன் வேண்டாம் எண்டேக்கையே விளங்கீட்டுது. ஆரோ செத்த சேதி கேட்டவன்தானே வேலையால வந்த கையோடை முழுகுவான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் மனுசன் மீன் மச்சம் தொடேல்லை. வயித்துக்குத்து ஒரு மாசத்துக்கே இருக்கும்?" அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நானும் சமைக்கேல்லை. என்ரை தம்பிக்கு நாங்கள் ரெண்டு பேரும் அப்பிடித்தான் துக்கம் காத்தம்."

"பின்னை ஏனம்மா இவ்வளவு காலமும் மாமா வரட்டும் எண்டு சொன்னனீங்கள்?"

"தம்பியை முந்தியே எடுத்திருக்கலாம் எண்டு அவருக்கு மனசுக்கை கிடக்கு. நான் வாய்விட்டு அழுதால் தன்னைச் சொல்லி அழுகிறன் எண்டுதான் நினைப்பார். அவருக்குச் சொல்லிப்போடாதை. தாங்கமாட்டார்."

நான் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன். அம்மாமேல் கோபமும் வந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும்போலும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மூன்று பேரும் சாப்பிட்டோம். அப்பா வழக்கம்போல எனக்குக் குழம்பை அள்ளி அள்ளி ஊற்றினார்.

புறப்படும்போது அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் வரை வந்தார். அங்கே வந்து வீட்டுக் கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கடைப் பெடியன் போன் எடுத்தவன். உன்னட்டைச் சொல்லிப்போட்டானாம். அம்மாவுக்கு ஏதும் சொன்னனியோ?"

"இல்லையப்பா," என்றேன்.

"சொல்லிப்போடாதை பிள்ளை," என்றார். "தாங்கமாட்டா."