சீட்டுக்குப் போன கொழுந்து

எங்கள் எஸ்டேட்டில் சம்பளம் பேங்குக்குப் போக ஆரம்பித்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். சின்னக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் எனக்கு வேலை. அங்கே வருகிறவர்கள் போனை நீட்டி ஸ்கேன் செய்துவிட்டுப் போவார்கள். நோட்டைத் தொட்டே பல நாளாகியிருக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன் என்பதால், எஸ்டேட் குடியிருப்பான லயத்தில் யாருக்கு பேங்க் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். இனி ஆபீஸ் ஜன்னலில் மழையில் நிற்க வேண்டாம், யாரும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு நல்லதுதான்டே. சீட்டுக்கு நான் என்னத்தக் கட்ட?"

அம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பவள். சம்பள நாளில் ஜன்னலில் பணம் வாங்கிய பெண்கள் நேராக வீட்டுக்கு வரமாட்டார்கள். பக்கத்துக் குழாயடியில் சீட்டு நடத்துகிற அக்கா நிற்பாள். அவள் கையில் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடுதான் லயத்துக்கு ஏறுவார்கள். சீட்டுப் பணம் எந்த வீட்டு வாசலையும் பார்த்ததில்லை. அது வீட்டு ஆண்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் கண்டுகொள்ளவில்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா குடிப்பவர் இல்லை. தேயிலை ஃபேக்டரியில் வேலை. இல்லை என்று சொல்லத்தான் அவருக்கு வராது. "மாமா, பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று ஒருத்தன் வந்து நின்றால் சட்டைப் பையில் இருப்பது அவனுடையது. அடுத்த வருஷம் அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராக ரிட்டயராகிறார்கள். அதன்பிறகு லயத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். மலைக்குக் கீழே போடியில் ஒரு வீடு பிடிக்க, அதற்கு அட்வான்ஸ் கொடுக்க, அம்மா நம்பியிருந்தது அந்தச் சீட்டை மட்டும்தான். நடுவில் கட்டாமல் நின்றால் அவள் இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

கணக்கு திறந்த சமயத்தில், என்னுடையதை விட்டால், வீட்டில் இருந்தது அப்பாவின் போன் ஒன்றுதான். அந்த நம்பரையே இருவருக்கும் எழுதியிருந்தார்கள். சம்பளம் விழுந்ததும் மெசேஜ் அவருக்கு வரும். இரண்டு கார்டையும் எடுத்துக்கொண்டு பூப்பாறைக்குப் போய் ஒரே நடையில் பணத்தை எடுத்துவருவார். உதவியாகத்தான் செய்தார்.

"நம்பரை மாத்திருவோம்மா. என் நம்பரைப் போட்டுக்கலாம்."

"அப்பன் போயி மகனா? நல்லாருக்குடே."

அவளுக்கென்றே ஒரு சின்ன போன் வாங்கினேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு பேங்குக்கு வந்தாள். விரலை மெஷினில் வைக்கச் சொன்னார்கள். மெஷின் ஏற்கவில்லை. இந்தக் கை, அந்தக் கை, எல்லா விரலும் பார்த்தாயிற்று. கொழுந்துக் கறையும் வெடிப்புமாக ரேகை இருந்த இடமே தெரியவில்லை. கறை போனபிறகு வரும்படி கவுண்டரில் இருந்த பெண் அன்பாகத்தான் சொன்னாள்.

"கறை போகணும்னா நான் வேலைய விடணும் தாயீ" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்துகொண்டாள்.

ஆனால் அந்த மாதமும் சீட்டு நின்றுபோகவில்லை. எப்படிக் கட்டினாள் என்பது ஒரு லீவு நாளில் தேயிலைக் காட்டுக்குச் சோறு கொண்டுபோனபோதுதான் தெரிந்தது. எடை போடுகிற இடத்துக்குச் சற்று முன்னால், பாதையோரம் சாக்கை இறக்கி, கொழுந்தை இரண்டு கையாலும் அள்ளி சீட்டு அக்காவின் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"சீட்டுக் கட்டுறேன்."

"ஸ்கேன் பண்ணியாச்சு தம்பி, டிங்குன்னு சத்தம் மட்டும்தான் வரல" என்று அக்கா சிரித்தாள்.

ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு. அம்மா எடுத்த மேல்கிலோ அக்காவின் பெயரில் ஏறியது. அக்கா புருஷன் இல்லாதவள்; அவள் கார்டு அவள் இடுப்பிலேயே இருந்தது. அந்தக் காசை அம்மாவின் பங்காக அவள் சீட்டில் சேர்த்தாள். நான் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்ததை நினைத்து அன்று சோற்றுத் தூக்கை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

அம்மாவின் சம்பளம் மாதாமாதம் குறைவதை அப்பா போனில் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒங்கம்மைக்கு ஒடம்புக்கு என்னமோ இருக்குடே. முன்ன மாதிரி கொழுந்து எடுக்க முடியல. கேட்டா சொல்லமாட்டேங்கா."

அன்றுமுதல் அவரே விறகு சுமந்தார். காலையில் அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு சாயங்காலம் முகமெல்லாம் மலர்ந்து வந்தார்.

"சூப்பர்வைசர்ட்ட பேசிட்டேன். திங்கக்கெழமையிலருந்து நீ நர்சரிக்குப் போ. நாத்துக்கு மண்ணு நெறைக்கணும், ஒக்காந்து செய்யுற வேல."

நர்சரியில் கொழுந்து கிடையாது. அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பினாள்.

"யாரக் கேட்டுப் பேசுனீக?"

"ஒன்னயக் கேட்டா சரின்னா சொல்லுவ?"

"எனக்கு ஒரு சீக்கும் இல்ல. கொழுந்த நாந்தான் இன்னொருத்தி சாக்குல போடுறேன். சீட்டுக்கு. போடியில வீடு பிடிக்க."

அப்பா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஏதோ விளக்க வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?" என்றார் அப்பா.

"சொன்னா மறுநாளே எவனாவது வந்து நிப்பான். நீங்க தூக்கிக் குடுத்துருவீக. அவம்பிள்ளைக்குக் காய்ச்சல் நல்லாயிரும். நம்ம எங்க போயி படுக்க?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நாங்கள் சாப்பிடாமல் காத்திருந்தோம். திரும்பி வந்தவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"நர்சரி வேண்டாம்னு சொல்லிட்டேன். டாக்டர் நல்லா நடக்கச் சொல்லிருக்காருன்னேன். காலையில ஒக்காரணும்ன, இப்ப நடக்கணும்ங்கியேன்னு சூப்பர்வைசர் சிரிக்கான்."

அம்மா தட்டை எடுத்து வைத்தாள்.

"யாரு சாக்குல போடுற?"

"அது ஒங்களுக்கு வேண்டாம்."

அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி, சோத்தப் போடு" என்றார்.