நான் வெட்டாத புளியமரம்

என் வயதுக்காரர்கள் கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட உட்கார்ந்தால் ஜெயில் கதைதான் பேசுவார்கள். இட ஒதுக்கீடு கேட்டு ரோடு மறித்த அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் ஜெயிலுக்குப் போகாத இளவட்டங்கள் இரண்டே பேர். ஒருவன் துபாயில் இருந்தான். இன்னொருவன் நான். எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்காமல் செய்தவர் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். அவரைப் பற்றி நன்றியோடு எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைப்பு. எழுதினால் என் மானம் போகும் என்பதால் தள்ளிப்போட்டேன். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. போவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவன். ஒருவழியாக இன்டர்வியூ முடிந்து, வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை என்று தகவலும் வந்துவிட்டது. ஆர்டர் கைக்கு வர ஒன்றுதான் பாக்கி: போலீஸ் வெரிஃபிகேஷன். பையன் மேல் கேஸ் இல்லை என்று எங்கள் ஸ்டேஷன் எழுதித் தர வேண்டும். கேஸ் இருந்தால் வேலை இல்லை.

மறியலுக்கு இரண்டு நாள் முன்னால், வேலை பார்க்கப்போகும் ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி மலையேறினேன். நான் நிறையப் படிக்கிறவன். மலைக் கடுக்காய் மாதிரி உடம்புக்கு நல்லது வேறில்லை என்று ஒரு வைத்தியப் புத்தகத்தில் படித்திருந்தேன். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று எழுதியிருந்த பக்கம் மட்டும் அந்த நூலகப் பிரதியில் கிழிந்துபோயிருந்தது. அளவை நானே முடிவு செய்தேன். மறியல் நடந்த மூன்று நாளும் வெள்ளிமலை சுகாதார நிலையத்தில்தான் படுத்துக் கிடந்தேன், படுத்துக் கிடந்த நேரம் போக மற்ற நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தேன்.

பஸ் ஓட ஆரம்பித்து நான் இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் ஊர் எல்லையில், சேலம் ரோட்டுக்குக் குறுக்கே சாய்க்கப்பட்ட பெரிய புளியமரத்தைக்கூட இழுத்து ஓரம் போட்டிருந்தார்கள். என் கூட்டாளிகள் பதினோரு பேர் மறியல் செய்ததாகக் கடலூர் ஜெயிலில். மரத்தை வெட்டியது யார் என்று மட்டும் போலீஸுக்குத் தெரியவில்லை.

"வாடா வாத்தியாரு," என்றார் டீக்கடைக்காரர். "ஊரே அடி வாங்கிக்கினு கெடக்குது, நீ மலமேல போயி பதுங்கிக்கினியா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த பெஞ்சில் கடுக்காய் என்று ஒரு வார்த்தை சொன்னால் சாகிறவரை அதுதான் என் பெயர்.

"இன்னாண்ணா பேசற? அந்த மரத்த அறுத்தவனே நான்தான். அறுத்துட்டுதான் மலையேறினேன்."

மறுநாள் காலை ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து காகிதம் ஒன்றைக் கொடுத்தார். விசாரணைக்காகப் பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரவும் என்று எழுதி, கீழே சப்-இன்ஸ்பெக்டர் கையெழுத்து. தெருவே அதை வாங்கி வாங்கிப் பார்த்தது. போலீஸ் என்றால் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். காகிதம் கொடுத்து வரச்சொல்லி யாரும் பார்த்ததில்லை. அந்த நாட்களில் மற்ற இடங்களில் நடந்ததை நாங்கள் அறிவோம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. அதனால் அந்த மரியாதையான காகிதத்தைப் பார்த்து அம்மா இன்னும் அதிகமாக அழுதாள்.

மறியல் செய்து தானே கைதாகப் போகிறவனுக்கு மாலை போட்டு, ஊரே கூட நடந்து ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விடுவது அப்போது எங்கள் ஊரில் வழக்கமாகியிருந்தது. எனக்கும் போட்டார்கள். சாமந்தி மாலை. கூட வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கும். மாப்பிள்ளை அழைப்புக்குக்கூடப் பின்னாளில் எனக்கு அவ்வளவு கூட்டம் சேரவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் தெற்கத்திக்காரர். சட்டம் படித்துவிட்டு வந்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவராக இருந்தால் அதிகம்.

"உக்காருங்க," என்றார்.

பக்கத்தில் நின்ற ஏட்டு எங்கள் பக்கத்து ஆள். அவர் நாற்காலியை என் பக்கம் தள்ளிய வேகத்தில், அது அவருடைய நாற்காலி என்று தெரிந்தது.

"உங்கள கைது பண்ணல. விசாரிக்கத்தான் கூப்பிட்டேன். உங்களுக்கு எதிராப் போற கேள்விக்கு நீங்க பதில் சொல்ல வேண்டியதில்ல. வக்கீல்கிட்ட பேசணும்னா பேசிட்டு வரலாம்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேலை தப்பிக்கும். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது. கழுத்தில் மாலை கிடந்தது.

"நான்தான் சார் அறுத்தேன்," என்றேன், ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி.

வெளியே விசில் பறந்தது. ஏட்டு நோட்டைப் பிரித்தார். "அய்யா, அவனே ஒத்துக்கினான். எழுதி கையெழுத்து வாங்கிக்கினா முடிஞ்சுது. மரம் வெட்டுனவன் எங்கன்னு மேலருந்து கேட்டுக்கினே கீறாங்க."

"எங்க சார் போடணும்?" என்றேன். வருகைப் பதிவேட்டுக்கென்று பழகி வைத்திருந்த கையெழுத்து வீணாகக்கூடாதே.

"போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்ல செல்லாது, ஏட்டு. வாக்குமூலத்துல கையெழுத்தும் வாங்கக்கூடாது," என்ற சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "எதால அறுத்தீங்க?"

"ரம்பத்தால."

"ரெண்டு பேரு இழுக்கிற ரம்பமா?"

"ஆமா சார்."

"எதிர்ப்பக்கம் யாரு இழுத்தது?"

இதை நான் யோசித்து வரவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் துரோகம். "தனியாத்தான் சார். இந்தப் பக்கம் ஒரு இழுப்பு இழுத்துட்டு, மரத்த சுத்திக்கினு போயி அந்தப் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தேன்."

ஏட்டு பேனாவை மூடினார். "அய்யா, அது கோடாலில வெட்டுன மரம். அடிக்கட்டைய நானே பாத்தேன். இவன் அந்தப் பக்கமே போவல."

"அத அவர் முன்னாடி சொல்லியிருக்கக்கூடாது," என்று ஏட்டைக் கடிந்துகொண்ட சப்-இன்ஸ்பெக்டர், "மரம் விழுந்த அன்னிக்குக் காலைல எங்க இருந்தீங்க?" என்றார் என்னிடம்.

"பதில் சொல்ல வேண்டியதில்லன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சரி," என்றார். உண்மையாகவே விட்டுவிட்டார். எனக்குத்தான் ஏமாற்றமாக இருந்தது.

டீக்கடையில் நான் மலையைப் பற்றிச் சொன்னதுகூட அவர் காதுக்குப் போயிருந்தது. வயர்லெஸ்ஸில் மலைமேல் இருந்த ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பினார். பதில் வருவதற்குள் எனக்கு ஒரு டீ வந்தது. பதில் வந்ததும் ஏட்டு அதை உரக்கப் படிக்க ஆரம்பித்தார்: "வெள்ளிமலை சுகாதார நிலையப் பதிவேட்டுல இவுரு பேரு கீது. அன்னிக்கு வெடிகாலைல அஞ்சு மணி. கடுக்காப் பொடி..."

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"இது அவரு உடம்பு விஷயம். வெளிய போகக்கூடாது. மெதுவாப் படிங்க."

ஏட்டு மெதுவாகப் படித்தார். எத்தனை தடவை என்பது உட்பட. படித்து முடித்துவிட்டு என்னை முதல்முறையாக இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்க போகலாம்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"சாயங்காலம் வரைக்குமாவது வச்சிக்குங்க சார்."

"இன்னாடா, லாட்ஜுன்னு நெனச்சிக்கினியா?" என்றார் ஏட்டு.

"காரணமில்லாம உங்கள ஒரு நிமிஷம் வச்சிருந்தாலும் தப்பு என்னுது," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். மேஜையில் இருந்த ஒரு காகிதத்தைத் தட்டினார். "உங்க வெரிஃபிகேஷன் பேப்பர். உங்க மேல கேஸ் இருக்கா இல்லையான்னுதான் இதுல கேட்டிருக்கு. நீங்க சொன்ன பொய்ய எழுத இதுல எடமில்ல."

அவரே வெளியே வந்து, என் மேல் கேஸ் இல்லை என்று கூட்டத்திடம் சொன்னார். கூட்டத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவனே ஒத்துக்கினானே சார்!" என்றார் டீக்கடைக்காரர். "எங்க ஊர்ப் பையன் பொய் சொல்லுவானா?"

"விசாரிச்சதுல என்ன வந்துச்சுன்னு சொல்ல முடியாது. கேஸ் இல்ல, அவ்வளவுதான்."

"மெய்யாலுமே அவன்தான் சார் அறுத்தான்!"

நாற்பது பேர் என் குற்றத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அம்மா முண்டியடித்து முன்னால் வந்தாள். "அவன் எங்கங்க அறுத்தான்? தொரட்டில முருங்கக்கா பறிக்கச் சொன்னாலே பக்கத்து வூட்டுப் பையனக் கூட்டியாருவான்!" என்றாள். அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் வீட்டுக்கு நடந்தேன்.

இருபது நாளில் ஆர்டர் வந்தது. அதற்குள் கூட்டாளிகளும் ஜாமீனில் வந்துவிட்டார்கள். நான் வேலையில் சேரப்போன அன்று, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரை என் டிரங்குப் பெட்டியைச் சுமந்து வந்த கூட்டாளிதான் உண்மையில் அந்த மரத்தை வெட்டியவன்.

"என் மரத்த நீ எப்புட்றா உன்னுதுன்னு சொன்ன?" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தான். ரம்பத்தோடு நான் மரத்தைச் சுற்றிய கதையைக் கேட்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பிறகு கேட்டான்:

"ஒனக்கு நாற்காலி போட்டாங்களா?"

"போட்டாங்க."

"டீ?"

"குடுத்தாங்க."

"எங்கள லாரில ஏத்தும்போது பேருகூட கேக்கலடா. ஜெயிலுக்குப் போயிதான் பேரு கேட்டாங்க."

சிரித்த முகத்தோடுதான் சொன்னான். அந்த லாரி வெளியூர் போலீஸ் கொண்டுவந்தது. "நம்ம ஸ்டேஷன்காரரு இருந்திருந்தா கேட்டிருப்பாருடா," என்றேன்.

"கேட்டிருப்பாரு. ரோடு பூரா அவரு ஒருத்தரே நிக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸின் கூரைமேல் ஏறினான்.