சாக்பீஸ் போட்ட வட்டம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது, வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. எல்லாருக்கும் அவர் சாக்பீஸ்.

காடு மேடு ஏறுவதற்கென்று பழைய பிக்கப் வண்டி வாங்குகிறவர்களும், வாங்கியதைத் தூக்கி உயர்த்திப் பெரிய டயர் மாட்டி யானைக் கன்று மாதிரி ஆக்கிக்கொள்கிறவர்களும் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அவர் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நுழைவார். வாயைத் திறக்க மாட்டார். சரிசெய்ய வேண்டிய இடத்தில் ஒரு வட்டம். இதோடு வண்டியை நகர்த்தவே கூடாது என்றால் ஒரு பெருக்கல் குறி. வாயால் சொன்னால் பேரம் பேசுவார்கள், சாக்பீஸோடு எவனும் பேரம் பேசியதில்லை என்பது அவர் கண்டறிந்த தத்துவம். வாழ்நாளில் பாதியைப் படுத்தே கழித்தும் சோம்பேறி என்று பேர் வாங்காத மகான் அவர்.

அப்பேர்ப்பட்டவர் அன்று காலை தங்கை வீட்டு ஷெட் வாசலில், பரீட்சை எழுத வந்த பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார். தங்கை அவரைத் தனியாக இழுத்துப் போனாள்.

"அண்ணா, ஒரு வட்டத்தோட நிறுத்திக்கோ. வேணும்னா ரெண்டு போடு. பெருக்கல் மட்டும் வேண்டாம்."

"வண்டியவே இன்னும் பாக்கலயேம்மா."

"அவர் வாங்க இருந்த முதல் வண்டில பெருக்கல் போட்ட. ரெண்டாவதுலயும் போட்ட. இது அவரே கையால செஞ்சது. மாசக்கணக்கா இந்த வீட்ல ஞாயித்துக்கிழமையே கிடையாது. இதுலயும் போட்டின்னா அப்புறம் உன்ன இந்த வீட்டுக்குள்ள வான்னு கூப்பிட எனக்கு வாய் வராது. சொல்லிட்டேன்."

"எங்க போறதா உத்தேசம்?"

"நாளைக்கு மலைக்கு. நானும் கூடப் போறேன்."

கடைசி வார்த்தையைத்தான் அவள் லேசாகச் சொன்னாள். அவருக்கு அதுதான் கனத்தது. அந்தப் பாதை அவருக்குத் தெரியும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் காற்று. அவருக்கு உடன்பிறந்தவள் என்று இருப்பதும் இவள் ஒருத்திதான்.

தங்கையின் கணவர் டைல்ஸ் பதிக்கும் கான்ட்ராக்டர். அவர் பதித்த தரையில் இணைப்பு எங்கே இருக்கிறது என்று எறும்புக்குக்கூடத் தெரியாது. அந்தப் பெருமை அவர் நடையிலேயே இருக்கும்.

"வாங்க மச்சான். இன்னிக்கு உங்க சாக்பீஸுக்கு லீவு" என்று ஷெட் கதவைத் திறந்தார்.

சாக்பீஸ் ஒரு கோணியை விரித்து வண்டிக்கடியில் புகுந்தார். வெளியே இரண்டு ஜோடி கால்கள் தெரிந்தன. மாப்பிள்ளையின் செருப்பு தாளம் போட்டது. தங்கையின் பாதம் அசையவே இல்லை.

வண்டியின் அடிச்சட்டமான சேஸியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. பிரேக் குழாய்க்குப் போதிய நீளம் விட்டிருந்தது. ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த போல்ட்டுகள் புதிது, அளவும் சரி. அட, பரவாயில்லையே என்று மனசு மெல்லக் கால் நீட்டி உட்காரப் பார்த்தது. மாப்பிள்ளையைப் பற்றி இத்தனை வருஷமாகத் தான் நினைத்து வந்தவற்றில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்ளக்கூடத் தயாரானார்.

அப்போது ஸ்டியரிங் ராடு கண்ணில் பட்டது.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புகிற கம்பி அது. வண்டியை உயர்த்தியதில் நீளம் போதாமல் போயிருக்க வேண்டும். வண்டிக்கடியில் எல்லாமே கரடுமுரடாக இருக்க, அது மட்டும் கல்யாண மாப்பிள்ளை கன்னம் போல வழவழவென்று இருந்தது. அவர் நடுவில் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் பதிந்தது.

இரும்பில் நகம் பதியாது.

கம்பியை வெட்டி, துண்டு வைத்துப் பற்றவைத்து, பற்றின தழும்பை அரத்தால் வழித்து, குழிக்குப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தார் மாப்பிள்ளை. இணைப்பு தெரியாவிட்டால் நல்ல வேலை என்பது தரைக்குச் சரி. இங்கே பலமே அந்தத் தழும்பில்தான் இருந்தது. இது மலையில் விட்டுப்போனால் ஸ்டியரிங் மாப்பிள்ளை கையிலேயே இருக்கும், சக்கரம் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகும்.

சாக்பீஸ் கையை உயர்த்தினார். வெளியே தங்கையின் கட்டைவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பெருக்கலின் முதல் கோட்டைப் போடப் போன விரல், எப்படியோ வளைந்து வட்டமாக முடித்துவிட்டது.

வெளியே வந்து, "ஒரு வட்டம். ஸ்டியரிங் ராடுல. வேறதா மாத்திடுங்க, மாப்பிள்ளை" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக வாயால் விளக்கம் சொன்னார். அப்படியும் பாதியைத்தான் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணா?" மாப்பிள்ளைக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. "வட்டம்தான மச்சான், போயிட்டு வந்து மாத்திக்கலாம். ஏய், ஏறு. இப்பவே மேட்டுத் தெரு வரைக்கும் ஒரு ரவுண்டு."

அவள் ஏறினாள். அண்ணனைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவரை ஒருவழி பண்ணிவிட்டது. இன்ஜின் உறுமியது. வண்டி ஷெட்டை விட்டு வாசலுக்கு வந்து தெருவில் திரும்புவதற்குள், மகான் தமக்குத் தெரிந்த ஒரே போராட்ட முறையைக் கையாண்டார். முன்சக்கரத்துக்கு எதிரே மல்லாந்து படுத்துவிட்டார்.

"மச்சான், என்ன விளையாட்டு இது? எந்திரிங்க."

"முதல்ல வண்டிய அணைங்க."

"அண்ணா, தெருவுல எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். இருபத்திரெண்டு ஸ்பானர எடுத்துக் குடு."

படுத்தபடியே ராடைக் கழற்றினார். வெளியே வந்து, இரண்டு செங்கல்லுக்குக் குறுக்கே வைத்தார். சுத்தியலை ஓங்கி ஒரு போடு போட்டார். ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டார்.

"அடிங்க, நல்லா அடிங்க. உங்க வீட்டுக் கம்பியா என்ன."

இரண்டாவது அடியில் பட்டி பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. உள்ளே வெட்டுவாய் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க, நடுவே நூல் கனத்துக்கு மட்டும் பற்று.

"உடையலயே" என்றார் மாப்பிள்ளை. குரல் பாதியாகியிருந்தது.

"உடையல. இங்க உடையல."

தங்கை இறங்கி வந்து கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கணவரைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

"இது உனக்கு உள்ள இருக்கும்போதே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வட்டம் போட்டியா?"

"நீதானம்மா சொன்ன."

"நான் சொல்லுவேன். நான் ஆயிரம் சொல்லுவேன். அவர் மூஞ்சி வாடுதேன்னு சொன்னேன். சொன்னா நீ போட்டுருவியா? எனக்கே போட்டுருவியா?"

சாக்பீஸ் சுத்தியலைத் தரையில் வைத்தார். மாப்பிள்ளை உதவிக்கு வருவது போல, "நாந்தான் பூசினேன், வெளிய தெரியக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க பேசாதீங்க. ரெண்டு பேரும் தள்ளுங்க. வண்டி உள்ள போகட்டும்."

ராடு இல்லாத வண்டியைத் தள்ளுவது சாதாரணக் காரியமில்லை. சக்கரங்கள் இஷ்டத்துக்குத் திரும்பின. ஆண்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மூச்சு வாங்கத் தள்ளினார்கள். வண்டி சுவரைப் பார்த்துப் போகும்போதெல்லாம், சேலையைத் தூக்கிச் செருகியிருந்த தங்கை, டயரை ஓங்கி ஓர் உதை உதைத்து நேராக்கினாள்.