பங்காளிகள் மிதித்த ஊற்று

எனக்குத் தனி அடுப்பு வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வேண்டுதல் அது ஒன்றுதான். காரைக்குடிக்கும் குன்றக்குடிக்கும் நடுவில் இருந்த எங்கள் வீட்டில், மாமனார் குடும்பத்துக்கும் அவருடைய அண்ணன் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே அடுப்பு. அந்த அடுப்புக்கு அண்ணன் மனைவி, அதாவது என் பெரிய மாமியார்தான் ராணி. நான் வைக்கும் குழம்பை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒரு வார்த்தையும் சொல்லாமல் உப்புச் சட்டியை எடுப்பார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

என் மாமனாரும் பிரிந்து போகத் தயார்தான். கண்மாய்க் கரைக்குக் கீழே அவர் வாங்கிப் போட்ட நிலத்தில் வீடு கட்ட ஆசைப்பட்டார். எல்லாம் கரம்பை மண், வெறும் களி. மழைக்காலத்தில் மிதித்தால் கணுக்கால் வரை உள்ளே வாங்கும். அவருடைய அண்ணன், அதாவது என் பெரிய மாமனார், கறாராகச் சொல்லிவிட்டார்.

"அந்தச் சேத்துல கெணறு ஊறுமுன்னா போயி இரு. ஊறாதுன்னா இனிமே அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

மண்ணைச் சோதிக்க வந்தவர் பெரிய மாமியாரின் தம்பி. சர்க்கார் வேலையில் ஓவர்சியர். அடியில் ஓட்டை போட்ட ஒல்லியான இரும்புக் குழாயை ஆள் உயரத்துக்கு மண்ணுக்குள் இறக்கினார். அதில் ஊறியிருந்த தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, ஒரு தக்கையை உள்ளே மிதக்கவிட்டார். தக்கையில் செருகிய மூங்கில் குச்சி குழாய்க்கு வெளியே தலை நீட்டியது. குச்சி எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, அவ்வளவு சுலபமாக அந்த மண்ணுக்குள் தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தமாம்.

எங்கள் பக்கத்தில் கிணற்று வேலை என்றால் பங்காளிகள் எல்லோரும் வந்து நிற்க வேண்டும். யாரையாவது விட்டுவிட்டால், பின்னால் ஏதாவது கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு, "என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா?" என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் அத்தனை பேரும் வந்து குழாயைச் சுற்றித் தோளோடு தோள் உரச நின்றார்கள். ஒல்லி என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஆளே கிடையாது. போதாக்குறைக்குப் பெரிய மாமியார் வேறு, "எட்ட நின்னா என்ன தெரியும்? இங்குட்டு வாங்க, கிட்ட வாங்க" என்று எல்லோரையும் குழாய்ப் பக்கம் விரட்டிக்கொண்டிருந்தார். எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் இவருக்குத் தூக்கம் வராதே என்று நினைத்துக்கொண்டேன்.

குச்சி ஏறியது. கண்ணுக்குத் தெரியவே ஏறியது. மாமனார் மீசையைத் தடவிக்கொண்டார். நான் மனசுக்குள் அடுப்பு மேடைக்கு இடம் பார்த்துவிட்டேன்.

பிறகு எல்லோரும் வேப்பமரத்தடிக்குச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் குச்சி இறங்கியிருந்தது.

"குடுத்த தண்ணியத் திருப்பி வாங்கிக்கிற பூமிய இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று பெரிய மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார். அதிசயத்தைப் பார்க்கப் பங்காளிகள் மறுபடி நெருங்கினார்கள். குச்சி மறுபடி ஏறியது. எல்லோரும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டு வந்திருந்ததாலோ என்னவோ, முன்னைவிட உற்சாகமாக ஏறியது.

ஓவர்சியர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது ஊத்து இல்ல மச்சான்! இந்த மண்ணு ஈரப் பஞ்சு மாதிரி. நீங்க ஏறி நின்னு அமுக்குறீக. உள்ள இருக்க தண்ணி வேற வழியில்லாம குழாய்க்குள்ள ஏறுது. எல்லாரும் கரைக்கு அங்குட்டுப் போயிருங்க. அப்பத்தான் மண்ணோட நெசக் கொணம் தெரியும்."

பங்காளிகள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். பெரிய மாமியார் மட்டும் நகரவில்லை.

"நான் ஒருத்தி நின்னா என்னடா?"

"அக்கா, நீங்களும் கொஞ்சம் கனம்..." என்று ஆரம்பித்த தம்பி, அக்கா முறைத்த முறைப்பில் மிச்சத்தை விழுங்கிவிட்டார். அக்கா குழாயை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தே விட்டார். பெரிய மாமனார் வந்து சத்தம் போட்ட பிறகுதான், சேலையில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டு எழுந்தார். என் கிணற்றின் மேல் இவருக்கு என்ன இத்தனை அக்கறை என்று எனக்குப் புரியவில்லை.

ஓவர்சியர் மறுபடி தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டுக் காத்திருந்தார். பொழுது சாயும்வரை குச்சி அசைந்தும் அசையாமலும் நின்றது.

"தண்ணி நெறைய இருக்கு. ஆனா இந்த மண்ணு அத ஓட விடாது. ஒரு கொடம் மொண்டா, அடுத்த கொடத்துக்கு மறுநா வரணும்."

"அப்பப் பேச்சு முடிஞ்சுச்சு" என்றார் பெரிய மாமனார். "ஒரே வீடு, ஒரே அடுப்பு."

அப்போதுதான் பெரிய மாமியார் வாயைத் திறந்தார்.

"மேட்டுக் கொல்லை எங்கப்பா எனக்குச் சீதனமாக் குடுத்தது. அதுல கெணறு இருக்கு, தண்ணியும் இருக்கு. இவுகளுக்கு எழுதிக் குடுத்துருங்க. நாளைக்கே வீட்டுக்கு வானந் தோண்டட்டும்."

நான் ஓடிப்போய்ப் பெரிய மாமியார் காலில் விழுந்தேன். விழுகிற போதே வயிறு எரிந்தது. நான் போகத் துடித்ததைவிட என்னை அனுப்ப அவர் அல்லவா துடித்திருக்கிறார்! சீதன நிலத்தையே தூக்கிக் கொடுக்கும் அளவுக்கு அப்படி என்ன நான் செய்துவிட்டேன்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.